தமிழ் வழியில் படித்தவன் ஆங்கிலத்துக்குள் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: அக்கா மகன் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். இந்த வருடம் பொறியியல் சேர்கிறான். இங்கிலீஷ் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவான், தன்னம்பிக்கை தானாக வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆங்கிலம் உண்மையிலேயே ஒரு மாணவனின் ஆளுமையை வளர்க்கிறதா, அல்லது வேலை வாங்கிக் கொடுப்பதோடு அதன் சோலி முடிந்ததா? கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துவது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு மொழி வந்துவிட்டது என்பதற்காக யாரும் பெரிய மனிதர் ஆகிவிடுவதில்லை. அந்த மொழி வராமல் திணறுகிற ஒன்றிரண்டு வருடம் இருக்கிறதே, அதை ஒரு பையனோ பொண்ணோ எப்படிக் கடக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நன்றாகக் கடந்தவர்கள் நிஜமாகவே வளர்ந்து வெளியே வருகிறார்கள். மோசமாகக் கடந்தவர்கள் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்ட பிறகும் உள்ளுக்குள் சுருங்கித்தான் இருக்கிறார்கள். இரண்டையும் பார்க்கிறேன்.

முதலில், ஆங்கிலம் நமக்கு அந்நிய மொழியா இல்லையா என்று ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. பிரஜ் கச்ரு என்ற மொழியியலாளர் 1985இல் உலகத்து ஆங்கிலத்தை மூன்று வட்டமாகப் பிரித்தார். பிரிட்டன், அமெரிக்கா போலப் பிறந்தது முதல் அதைப் பேசும் நாடுகள் உள்வட்டம். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போல, வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்து நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் தங்கிவிட்ட நாடுகள் வெளிவட்டம். சீனா, ஜப்பான் போலப் பாடமாக மட்டும் படிக்கிற நாடுகள் விரியும் வட்டம். கணக்குப்படி நாம் இரண்டாவது வட்டம். ஆனால் சென்னை அண்ணாநகரில் வளர்ந்த பையனும் அரியலூர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த பையனும் ஒரே வட்டத்திலா இருக்கிறார்கள்? கிராமத்துப் பையனுக்கு ஆங்கிலம் என்பது ஒரு நாளைக்கு ஒரு பீரியட். அதையும் ஆசிரியர் தமிழில்தான் விளக்கிச் சொல்வார். தெருவில், கடையில், திருவிழாவில் ஆங்கிலச் சொற்கள் ஆயிரம் காதில் விழும். முழு வாக்கியம் ஒன்றுகூட விழாது. நடைமுறையில் அவன் ஜப்பான்காரனோடுதான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் ஜப்பான்காரன் பொறியியலைத் தன் மொழியிலேயே படித்துவிட்டுப் போகலாம். இவனுக்கு அந்த வசதி அனேகமாக இல்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்வது ஆங்கில வகுப்பறையில்தான்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆங்கில மதிப்பெண் அதில் வராது. ஆக, உள்ளே நுழைகிற வரை ஆங்கிலம் ஒரு பொருட்டே இல்லை, பாஸ் ஆனால் போதும். நுழைந்த மறுநாளிலிருந்து பாடம், புத்தகம், ஆய்வகக் குறிப்பேடு, வைவா (வாய்மொழித் தேர்வு), செமினார், கடைசியில் பிளேஸ்மென்ட் வரை எல்லாமே ஆங்கிலம். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி, ஊரில் ஃபிளெக்ஸ் வைக்கப்பட்ட பையன் கடைசி பெஞ்சுக்குப் போவது இந்த இடத்தில்தான். அறிவு குறைந்து போகவில்லை, அது வெளியே தெரிவதற்கு வழி அடைபட்டுவிட்டது.

எலெக்ட்ரிகல் லேபில் நடக்கிற வைவாவைப் பார்த்தால் இது புரியும். லோடு கூட்டியபோது வோல்ட்மீட்டர் ரீடிங் ஏன் இறங்கியது என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொஞ்சம் இரக்கமுள்ள ஆசிரியராக இருந்தால், "சரிப்பா, தமிழ்லயே சொல்லு" என்பார். உடனே வந்து விழும்: "லோடு கூட்டினா சோர்ஸ்ல இருந்து கரண்ட் அதிகமா இழுக்கும் சார், அப்ப உள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸ்லயே டிராப் ஜாஸ்தியாகும், அதனால டெர்மினல் வோல்டேஜ் குறையும்." பதில் கச்சிதம். இன்னொன்றையும் கவனியுங்கள். லோடு, சோர்ஸ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ், டிராப், டெர்மினல், வோல்டேஜ் என்று அந்தப் பதிலில் பாதி ஏற்கெனவே ஆங்கிலம். அவனிடம் இல்லாதது 'கூட்டினால்', 'அப்போது', 'அதனால்' ஆகிய மூன்றும்தான். ஒரு விஷயத்தை இன்னொன்றோடு முடிச்சுப் போடுகிற சொற்கள். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தும் அவை வாயில் ஏறாததற்குக் காரணம், பள்ளியில் அவனை ஆங்கிலத்தில் எதையும் விளக்கச் சொன்னதே இல்லை. மெமரி பொயமும் பாராகிராஃபும் மனப்பாடம், வாய்ஸ் மாற்று, ரிப்போர்ட்டட் ஸ்பீச் மாற்று, முடிந்தது.

அந்த அரை நிமிட மௌனத்தில் பையன் மனதில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி எலைன் ஹார்விட்ஸ் என்ற மொழிக் கல்வி ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மொழி வகுப்பில் வரும் பயம் தனி ரகம் என்பது அவர்கள் வாதம். அதை அளக்க 33 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் தயாரித்தார்கள். கணக்கில் தப்பு விட்டால் கணக்கு வரவில்லை என்று ஒருவன் தேற்றிக்கொள்ளலாம். மொழியில் தடுமாறும்போது, "நான் விவரமான ஆள்" என்று தன்னைப் பற்றி வைத்திருக்கும் நினைப்பே ஆட்டம் காண்கிறது. பதினெட்டு வயதுப் பையன் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி பேச வேண்டியிருக்கிறது, அதுவும் சக வயதுப் பெண்களும் பையன்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவன் வாயை மூடிக்கொள்வது சோம்பேறித்தனமே இல்லை, மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறான்.

நம் ஊரில் இதோடு இன்னொரு சங்கடம் சேர்ந்துகொள்ளும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் "பீட்டர் விடுறான்" என்பார்கள். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கிற அதே ஹாஸ்டல் கூட்டம்தான், ஒருவன் கஷ்டப்பட்டு நாலு வாக்கியம் சேர்த்துப் பேசினால் அன்று ராத்திரி மெஸ்ஸில் அவனை ஓட்டும். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் ஆங்கிலம் வராமல் போவதற்கு இலக்கணத்தைவிட இந்தச் சிரிப்பு பெரிய காரணம்.

சரி, வளர்ச்சிக்கு வருவோம். இந்தச் சிரிப்பைத் தாண்டிப் பேசத் தொடங்குகிறவனுக்கு என்ன கிடைக்கிறது?

பத்துப் பேர் முன்னால் தப்பு செய்யப் பழகுகிறான். சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். நம் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் கற்றுக்கொள்வதே இல்லை. தெரிந்தால் கை தூக்கு, தெரியாவிட்டால் தலையைக் குனி என்பதுதான் அங்கே பாடம். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிப்பது, வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பது, சொல் கிடைக்காவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்வது, "இதை எப்படி சார் சொல்லணும்?" என்று கூச்சப்படாமல் கேட்பது என்று ஒவ்வொன்றாக வருகிறது. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர், கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு 1985இல் சொன்னது இதற்குப் பொருந்தும். அந்தக் குழந்தைகள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு எல்லாம் புரிந்துகொண்டார்கள், பேச்சும் எழுத்தும் மட்டும் பின்தங்கின. பேச முயன்றால்தான் நமக்கு எது தெரியாது என்பதே தெரியவரும் என்றார் அவர். இந்தப் பழக்கம் ஆங்கிலத்தோடு நிற்பதில்லை. முதல் வருடம் ஆங்கில வகுப்பில் திக்கித் திக்கிப் பேசிப் பழகியவன், மூன்றாம் வருடம் புராஜெக்ட்டில் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறான். முதல் நாளிலிருந்தே சரளமாகப் பேசுகிற கான்வென்ட் பிள்ளைகள் சிலருக்கு இந்தத் துணிச்சல் இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அப்புறம், பிற்பாடு கற்ற மொழி நம்மிடமிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும். "ஐ லவ் யூ" என்று இருபது பேரிடம் சொல்லக்கூடிய பையன், தமிழில் அதைச் சொல்லச் சொன்னால் வேர்த்துப் போவான். திட்டும் அப்படித்தான், தமிழ்க் கெட்டவார்த்தையின் காரம் ஆங்கிலத்தில் வராது. ஆல்பர்ட் கோஸ்டா என்ற உளவியலாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டியது. ரயில் வந்துகொண்டிருக்கிறது, பாலத்தில் நிற்கும் ஒருவரை அதன் முன்னால் தள்ளிவிட்டால் தண்டவாளத்தில் இருக்கும் ஐந்து பேர் பிழைப்பார்கள் என்றால் தள்ளுவீர்களா என்று கேட்டார்கள். தாய்மொழியில் கேட்டபோது 20 சதவீதம் பேர் தள்ளுவேன் என்றார்கள். பின்னால் கற்ற மொழியில் கேட்டபோது அது 33 சதவீதம் ஆனது. ஆங்கிலம் படித்தவனெல்லாம் ஆளைத் தள்ளிவிடுவான் என்று பயப்பட வேண்டாம். உணர்ச்சியின் பிடி கொஞ்சம் தளர்கிறது, கணக்குப் போட்டுப் பார்க்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பறையில் இது நல்லதாகவே வேலை செய்கிறது. வரதட்சணை, சாதி பார்த்துக் கல்யாணம், அப்பா சொன்ன படிப்பை எடுக்காமல் இருப்பது போன்ற விஷயங்களைத் தமிழில் பேசச் சொன்னால் பெண்கள் பக்கம் நிசப்தமாக இருக்கும். அதையே குரூப் டிஸ்கஷன் தலைப்பாக ஆங்கிலத்தில் கொடுத்தால், இலக்கணம் தாறுமாறாக இருந்தாலும், "ஐ டோன்ட் அக்ரீ சார்" என்று என்னிடமே சொல்கிறார்கள். தமிழில் பேசும்போது வயதும் உறவும் மரியாதையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆங்கிலத்தில் அவை கொஞ்சம் வெளியே நிற்கின்றன. மறுத்துப் பேசுவதை ஒருமுறை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துவிட்டவர்களுக்குத் தமிழிலும் அது வருகிறது, வீட்டில்கூட. பெற்றோர் சிலருக்கு இதில் வருத்தம்.

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் எழுதாத வளர்ச்சி அதுதான். குடும்பத்தில் முதலில் ஆங்கிலம் படித்த ஆள், குடும்பத்தின் எழுத்தர் ஆகிறான். தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். இத்தனை நாள் அதை மெடிக்கல் ஷாப்காரரிடம் காட்டித்தான் கேட்டார்கள். இப்போது பேரன் மொபைல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கிறான். மாத்திரைப் பெயருக்கு எதிரே 1-0-1 என்றால் காலையும் இரவும், மத்தியானம் கிடையாது. இது சாப்பாட்டுக்கு முன்னால், அது பின்னால். இரண்டு வாரம் கழித்து ரிவ்யூ, வரும்போது சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் எடுத்துவர வேண்டும். கடைசிப் பக்கத்தில் எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, அதையும் வாசிக்கிறான். அவன் தப்பாக வாசித்தால் தாத்தாவுக்குத்தான் ஆபத்து. முப்பது மதிப்பெண் தேர்வு தராத பொறுப்பு இது. இன்ஷூரன்ஸ் கடிதம், கல்விக்கடன் படிவம், தங்கையின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அப்புறம் அவன் கைக்கே வரும். இந்த வேலையைச் செய்கிற மாணவர்கள் வகுப்பில் பேசுவதற்கும் மற்றவர்கள் பேசுவதற்கும் வித்தியாசம் தெரியும். அவர்களுக்கு ஆங்கிலம் மதிப்பெண்ணுக்கான பாடமாக இல்லாமல் போய்விடுகிறது.

இதற்கு ஒரு கள்ளப் பக்கமும் உண்டு. அட்டெண்டன்ஸ் குறைவு என்று கல்லூரியிலிருந்து வரும் கடிதத்தையும் அவனேதான் அப்பாவுக்குத் தமிழில் சொல்வான். எது விட்டுப்போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, வளர்ச்சியே இல்லாத ஆங்கிலம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பிளேஸ்மென்ட் சீசனில் கல்லூரிக்கு வாருங்கள். "மைசெல்ஃப்" என்று தொடங்கும் ஒரே சுய அறிமுகத்தை வரிசையாக அறுபது பேர் ஒப்பிப்பார்கள். ஸ்ட்ரெங்த் என்ன? ஹார்ட் ஒர்க். வீக்னஸ்? எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன். ஹாபி? பாட்டு கேட்பது. யாரோ ஒரு சீனியர் எழுதிக்கொடுத்தது, பேட்ச் பேட்ச்சாகக் கைமாறி வருகிறது. நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால் கோட்டை சரிந்துவிடும். ஜோல்டான் டோர்ன்யே என்ற ஹங்கேரி ஆய்வாளர் 2005இல், மொழி கற்பவர் மனதில் இரண்டு சித்திரங்கள் இருக்கும் என்றார். ஒன்று, இந்த மொழி பேசும் ஆளாக நான் ஆக வேண்டும் என்று தானே விரும்புகிற சித்திரம். மற்றது, அடுத்தவர் எதிர்பார்ப்புக்காக ஆகித் தொலைக்க வேண்டிய சித்திரம். நம் மாணவர்களில் பெரும்பாலோரை ஓட வைப்பது இரண்டாவது. வேலை கிடைத்ததும், அல்லது கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்ததும், அது அணைந்துவிடும்.

முதல் சித்திரம் ஏன் வருவதில்லை? ஆங்கிலம் பேசுகிற ஆள் என்று நினைத்தால் மனதில் வருகிறவர் நம் தெருக்காரராக இல்லை, அதுதான். அதே ஊரிலிருந்து, அதே அரசுப் பள்ளியிலிருந்து வந்து, தமிழ் உச்சரிப்பிலேயே தைரியமாக ஆங்கிலத்தில் செமினார் எடுக்கிற ஒரு சீனியர் போதும், பத்துப் பையன்களுக்குப் பயம் தெளியும். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் கன்னியாகுமரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடியிலிருந்து அப்படியே வந்தவர். இவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது ஊர் வாடை அடிக்கும், யாருக்கும் அது இடைஞ்சலாக இருந்ததில்லை. ஆனால் இந்தப் பெயர்களை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள், "அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை" என்று பையனை அடிக்கிற கம்பாக ஆக்கிவிடாதீர்கள். மேலே வந்த இருவரைத்தான் நமக்குத் தெரியும். பாதியில் படிப்பை விட்டவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

இதில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது தமிழைப் பற்றிய வெட்கம். வாலஸ் லாம்பர்ட் என்ற கனடா உளவியலாளர், இரண்டாம் மொழி ஒருவருக்குக் கூடுதல் சொத்தாகவும் சேரலாம், முதல் மொழியைத் தள்ளிவிட்டும் உட்காரலாம் என்று பிரித்துக் காட்டினார். மாண்ட்ரியல் பக்கத்தில் 1965இல் ஆங்கிலக் குழந்தைகளை பிரெஞ்சு வழியில் படிக்கவைத்தபோது அவர்களுடைய ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏனென்றால் வீட்டு மொழியான ஆங்கிலத்துக்கு ஊரில் மதிப்பு இருந்தது. வீட்டு மொழியை மட்டமாக நினைக்க வைத்துவிட்டால் கதை வேறு. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அப்பாவிடம், "நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பேசிக்கிறேன்" என்று வாசலிலேயே சொல்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனின் ஆங்கிலம் முன்னேறியிருக்கும். அதை ஆளுமை வளர்ச்சி என்று என்னால் எழுத முடியாது.

தமிழை விடுவது ஆங்கிலத்துக்கும் நல்லதில்லை. ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர், கனடாவுக்குக் குடியேறிய பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்துவிட்டு, அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்தைப் புரிந்து எழுதுகிற மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்றார். சுற்றிலும் ஆங்கிலம் கேட்கிற ஊரிலேயே அப்படி. முப்பது நாளில் ஆங்கிலம் என்கிற விளம்பரங்களை அந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மொழியில் ஆழமாகப் படிக்கத் தெரிந்தால் அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் கூடவே வரும் என்பதும் அவர் சொன்னதே. என் அனுபவமும் அதுதான். தமிழில் கதை, கட்டுரை என்று படித்துப் பழகிய தமிழ் வழி மாணவன் முதல் செமஸ்டர் தடுமாறுவான், மூன்றாவதில் எழுந்துவிடுவான். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. அதில் சேர்ந்து, ஆங்கிலத்தில் மனப்பாடமும் தமிழில் அரைகுறை வாசிப்புமாக வருகிற பிள்ளைகளைத் தூக்கிவிடுவது இன்னும் கஷ்டம். அவர்களுக்கு ஊன்றி நிற்க ஒரு மொழியும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டு மாதம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால், ஒருநாள் போய் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நேரம் வாய் திறந்து பேசுகிறது? ஆசிரியர் மட்டுமே போர்டில் டென்ஸ் எழுதிக்கொண்டிருந்தால் பணம் தண்டம்.

அதைவிட நல்ல வழி காசில்லாமல் இருக்கிறது. அவன் தமிழில் படித்த அதே பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாடமும் படமும் கணக்கும் ஒன்றேதான். அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடான ஒரு பாடத்தை எடுத்து, ஆங்கிலத்தில் மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். விஷயம் முன்பே தெரியும் என்பதால் அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்காது, மொழி மட்டும்தான் புதிது. 'ஆகையால்', 'இருந்தாலும்', 'அப்படி இல்லாவிட்டால்' என்பவற்றுக்கு அந்தப் பக்கங்களில் என்ன வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். பிறகு அந்தப் பாடத்தைத் தன் போனிலேயே ரெக்கார்டு செய்து இரண்டு நிமிடம் விளக்கட்டும். யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம். தனியாகச் சலித்தால், தன்னைப் போலவே தடுமாறுகிற ஒரு நண்பனோடு செய்யலாம். நன்றாகப் பேசுகிறவனோடு வேண்டாம், கேட்டுக்கொண்டே இருந்துவிடுவான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் "எங்கே, இங்கிலீஷ்ல பேசிக்காட்டு" என்று மட்டும் அவனைக் கேட்காதீர்கள். முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்தால் திட்டுவதற்கு முன்னால் அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் புரியாத பாடமாக இருந்தாலும், அவன் தெளிவாகச் சொல்கிறானா குழப்புகிறானா என்பது தெரிந்துவிடும். தெளிவாகச் சொன்னால் மொழிதான் தடை, அதற்குப் பயிற்சியும் கொஞ்ச காலமும் போதும். தமிழிலும் தடுமாறினால் பாடமே புரியவில்லை, அதற்கு அந்தப் பாட ஆசிரியரிடம்தான் போக வேண்டும், ஆங்கில ஆசிரியரிடம் அல்ல.